பழைய ஜீப்புக்கு ஐந்தாவது கியர்: பெட்டியை மாற்றலாமா, கிரவுனை மாற்றலாமா?

போடிமெட்டிலிருந்து 17 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி முந்தல் தாண்டிவிட்டால் சாலை நேராகிவிடும். அந்த இடத்தில் என் மச்சானின் இடது கையைப் பலமுறை கவனித்திருக்கிறேன். நான்காவது கியர் விழுந்த பிறகும் கை குமிழை விடாது. இன்னொரு கியர் எங்காவது இருக்கிறதா என்று லேசாகத் தள்ளிப் பார்க்கும். முள் 60-ஐத் தொட்டிருக்கும், இன்ஜின் அலறிக்கொண்டிருக்கும், பின்னால் வரும் வேன் ஹாரன் அடித்துவிட்டு முந்திப் போகும்.

போன மாதம் கேட்டே விட்டார். "மாப்ள, எனக்கு ஒரு அஞ்சு கியர் பெட்டி பார்த்துப் போட்டுறலாமா? நீ ஒரு தடவை போட்டு எடுத்தவன். சொல்லு."

அவருடையது மஹிந்திரா எம்.எம். 540, டீசல், நான்கு கியர். காலையில் போடியிலிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு சாந்தன்பாறைப் பக்கம் ஏலத்தோட்டத்துக்கு ஏறும், சாயங்காலம் இறங்கும். வாரத்தில் ஒரு நாள் தேனி, மாதத்தில் ஒரு நாள் மதுரை. என்னுடையது வில்லிஸ் வகை சி.ஜே. 3பி, பெட்ரோல், மூன்றே கியர். அப்பா வாங்கியது. சூரியநெல்லியில் நிற்கிறது, கொழுக்குமலைப் பாதையில்தான் அதன் பிழைப்பு. இரண்டுக்கும் ஒரே பதில் கிடையாது. மச்சானிடம் வாய்வழியாகச் சொன்னதைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன். எங்கள் பக்கம் இந்தக் கேள்வி இல்லாத ஜீப்காரர் குறைவு.

முதலில் கணக்கு. இதைப் போடாமல் பெட்டி தேடப் போகக் கூடாது.

பழைய ஜீப்பில் டாப் கியர் என்பது நேரடி கியர். இன்ஜின் ஒரு சுற்று சுற்றினால், சக்கரத்துக்கு இழுவையைக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டும் ஒரு சுற்று. அதற்குப் பின்னால், அச்சின் ஹவுசிங்கில் இருக்கும் கிரவுன் பினியன் என்ற பல்சக்கர ஜோடிதான் வேகத்தைக் குறைக்கிறது. சி.ஜே. 3பி-யில் கிரவுனுக்கு 43 பல், பினியனுக்கு 8 பல். 43-ஐ 8-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 5.38. அதாவது சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற இன்ஜின் ஐந்தரைச் சுற்றுக்குக் கொஞ்சம் குறைவாகச் சுற்ற வேண்டும். 6.00-16 டயர் ஒரு சுற்றில் தோராயமாக 2.25 மீட்டர் ஓடும். 60 கிலோமீட்டர் வேகத்தில் இன்ஜின் நிமிடத்துக்கு 2,390 சுற்று. 80-இல் 3,190. காது வலிப்பதன் காரணம் அவ்வளவுதான். இன்ஜினில் கோளாறு இல்லை. விவசாயத்துக்கும் மலைக்கும் என்று வைத்த விகிதம் அது.

ஓவர்டிரைவ் என்பது இந்த நேரடி கியருக்கும் மேலே ஒன்று. இன்ஜின் ஒரு சுற்று முடிப்பதற்குள் ஷாஃப்ட் ஒரு சுற்றைத் தாண்டிவிடும். ஐந்து கியர் பெட்டிகளில் ஐந்தாவது பெரும்பாலும் 0.7-க்கும் 0.85-க்கும் இடையில் இருக்கும். 0.75 என்று வைத்துக்கொண்டால் 80-இல் போகும்போது இன்ஜின் 2,390-தான் சுற்றும். இப்போது 60-இல் கேட்கிற அதே சத்தத்தில் 80 போகலாம்.

இதைக் கேட்டதும் எல்லாருக்கும் ஆசை வந்துவிடும். எனக்கும் வந்தது. ஆனால் மலைவண்டிக்குப் பெட்டி பார்க்கும்போது ஐந்தாவது கியரை அப்புறம் பாருங்கள். முதலில் முதல் கியரைப் பாருங்கள். இந்தக் கட்டுரையில் எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

என் வண்டியில் இருந்த டி-90 கியர் பெட்டியின் முதல் கியர் விகிதம் 2.798. முன், பின் சக்கரங்களுக்கு இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் டானா 18 டிரான்ஸ்ஃபர் கேஸின் லோ விகிதம் 2.46. கிரவுன் 5.38. மூன்றையும் பெருக்கினால் 37. ஐடிலில் 700 சுற்றில் ஓடும் இன்ஜின், முதல் கியர் லோவில் வண்டியை மணிக்கு இரண்டரை கிலோமீட்டரில் நகர்த்தும். கொழுக்குமலையிலிருந்து இறங்கும்போது பாறை மேல் சக்கரம் வைத்து, பிரேக்கைத் தொடாமல், இன்ஜினை மட்டும் நம்பி இறங்குகிறோமே, அது இந்த 37-இன் உபயம். இதைக் குறைக்கும் எந்த மாற்றமும் மலையில் உங்களைப் பிரேக்கிடமும் கிளட்ச்சிடமும் தள்ளிவிடும்.

இனி ஒவ்வொரு வழியாக.

டயரைப் பெரிதாக்குவதுதான் சுலபமான வழி. 7.00-16 போட்டால் வேகம் ஆறு, ஏழு சதவீதம் கூடும். அதற்கு மேல் இதில் எதுவும் இல்லை. ஸ்டியரிங் கனக்கும், முழுதாக ஒடித்தால் மட்கார்டில் உரசும், பழைய டிரம் பிரேக்குக்குக் கூடுதல் சுமை. இதற்கு நான் ஆதரவு இல்லை.

அடுத்தது கிரவுன் பினியனை மாற்றுவது. 5.38-க்குப் பதில் 4.88 போட்டால் 80-இல் 2,890 சுற்று. 4.27 போட்டால் 2,530. இந்த 4.27 ஏறக்குறைய 0.8 ஓவர்டிரைவுக்குச் சமம். கியர் பாக்ஸைத் தொட வேண்டாம், ஷாஃப்ட்டை வெட்ட வேண்டாம், ஹேண்ட் பிரேக் அப்படியே இருக்கும். ஹவுசிங்கைத் திறந்து நீலம் தடவிப் பல் பதிவு பார்த்து, ஷிம் என்ற மெல்லிய தகடு வைத்து நிறுத்தத் தெரிந்த கை ஒன்று போதும். அடிமாலியில் அப்படி ஒரு ஆசான் இருக்கிறார். பதிவு சரியாக விழும்வரை ஒரே ஹவுசிங்கை ஆறு தடவை பிரித்துப் பூட்டுவார்.

ஆனால் கிரவுனை மாற்றினால் எல்லாக் கியரும் சேர்ந்தே நகரும். மேலே கிடைப்பதைக் கீழே கொடுக்க வேண்டும். என் மூன்று கியர் வண்டிக்கு 4.27 போட்டால் அந்த 37 என்பது 29 ஆகிவிடும். ஐடிலில் வேகம் 3.2 கிலோமீட்டர். தாளில் பார்த்தால் சின்ன வித்தியாசம். பாறையில் இறங்கும்போது அது முன்னால் ஓடுவதற்கும் நிதானமாக வைப்பதற்கும் உள்ள வித்தியாசம். 4.88 என்றால் 34, சமாளிக்கலாம்.

இன்னொரு எச்சரிக்கை. நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியில் முன்னும் பின்னும் ஒரே விகிதம் இருக்க வேண்டும். செலவை மிச்சம் பிடிக்கப் பின்பக்கம் மட்டும் மாற்றுவார்கள். அப்புறம் 4 வீல் போட்டால் முன் சக்கரம் ஒரு வேகம் கேட்கும், பின் சக்கரம் இன்னொரு வேகம் கேட்கும், நடுவில் டிரான்ஸ்ஃபர் கேஸ் முறுக்கிக்கொள்ளும். சேற்றில் சக்கரம் வழுக்கித் தப்பித்துக்கொள்ளும். தார்ச்சாலையில் ஏதாவது ஒன்று உடையும்.

மூன்றாவது வழி அழகானது, ஆனால் நமக்குத் தூரம். அமெரிக்காவில் இந்தப் பழைய வில்லிஸ் ஜீப்புகளுக்கென்றே வார்ன், சாட்டர்ன் என்று தனி ஓவர்டிரைவ் பெட்டிகள் செய்தார்கள். டானா 18-இன் பின்பக்கத்தில், வேறு இயந்திரம் ஓட்ட இன்ஜின் சக்தியை எடுக்கும் பி.டி.ஓ. வாய் ஒன்று உண்டு. அந்த மூடியைக் கழற்றி, கியர் பாக்ஸ் மெயின் ஷாஃப்ட்டின் நுனியில் இருக்கும் பல்சக்கரத்தை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் இந்தச் சின்னப் பெட்டியைச் செருக வேண்டும். இன்ஜின் சுற்று ஏறக்குறைய கால் பங்கு குறையும். ஷாஃப்ட் நீளம் மாறாது, ஹேண்ட் பிரேக் மாறாது, முதல் கியர் அப்படியே இருக்கும். மூன்று கியர் ஆறாகும். என் மாதிரி மூன்று கியர் வண்டிக்கு இதைவிடப் பொருத்தமானது கிடையாது. ஆனால் இறக்குமதி செய்ய வேண்டும். பெட்டி சிறியது, பாரம் ஏற்றி மேட்டில் இழுக்கும்போது அதில் வைத்து ஓட்டக் கூடாது. ஒரு பல் போனால் மாற்றுச் சாமானுக்கும் கடல் தாண்டித்தான் கேட்க வேண்டும். தினமும் ஆள் ஏற்றிப் பிழைக்கிற வண்டியை அப்படி நிறுத்திவைக்க முடியாது.

சரி, மச்சான் கேட்ட ஐந்து கியர் பெட்டிக்கு வருவோம். இங்கேதான் நான் அடிபட்டேன். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஆசை வருவதற்கு நியாயம் இருக்கிறது. நல்ல ஐந்து கியர் பெட்டி மேலேயும் கொடுக்கும், கீழேயும் கொடுக்கும். எடுத்துக்காட்டுக்கு, 1989 முதல் 1999 வரை அமெரிக்க ஜீப்புகளில் வந்த ஐசின் ஏ.எக்ஸ்.-15 பெட்டியின் முதல் கியர் 3.83, ஐந்தாவது 0.79. இதை டானா 18-க்கும் 5.38 கிரவுனுக்கும் முன்னால் வைத்துக் கணக்குப் போட்டால் லோ முதல் கியரில் 37 என்பது 51 ஆகிறது. 80-இல் 3,190 என்பது 2,520 ஆகிறது. பாறையில் இன்னும் மெதுவாக, சாலையில் இன்னும் அமைதியாக. கிரவுன் மாற்றுவதில் கிடைக்காதது இதுதான். நமக்கு அந்தப் பெட்டி வேண்டியதில்லை. பொலேரோ, ஸ்கார்பியோ, தார் வழியில் வந்த ஐந்து கியர் பெட்டிகள் கோயம்புத்தூர் உக்கடத்திலும் சென்னை புதுப்பேட்டையிலும் கேட்டால் கிடைக்கும். விற்பவர் சொல்லும் பெயரை நம்பாமல், இன்புட் ஷாஃப்ட்டைக் கையால் சுற்றி, அவுட்புட் ஒரு சுற்று வர எத்தனை சுற்று ஆகிறது என்று முதல் கியரிலும் ஐந்தாவதிலும் எண்ணிப் பாருங்கள். கடையில் நின்றபடியே பத்து நிமிடத்தில் முடிகிற வேலை.

கிடைக்கிற பெட்டிகளில் பெரும்பாலானவை பின் சக்கரம் மட்டும் இழுக்கும் வண்டியிலிருந்து வந்தவை. அவற்றின் வாலில் ஷாஃப்ட் மாட்டும் இடம் மட்டும் இருக்கும், டிரான்ஸ்ஃபர் கேஸ் உட்கார முகம் இருக்காது. 4 வீல் வண்டிப் பெட்டியாகக் கேளுங்கள். அதன் டிரான்ஸ்ஃபர் கேஸோடு சேர்த்தே வாங்கிவிடலாமே என்று தோன்றும். நான் அப்படித்தான் வாங்கினேன்.

பழைய ஜீப்பின் பின் ஹவுசிங்கைக் குனிந்து பாருங்கள். அந்த உருண்டை நடுவில் இருக்காது, ஒரு பக்கமாக ஒதுங்கியிருக்கும். டானா 18 தன் அவுட்புட்டை ஓரத்தில் கொடுப்பதால் அப்படி. புதிய டிரான்ஸ்ஃபர் கேஸ்கள் பின்பக்கத்துக்கு நடுவில் கொடுக்கும். இரண்டையும் இணைத்தால் ஷாஃப்ட் கீழே மட்டும் அல்ல, பக்கவாட்டிலும் கோணலாகப் போகும். முன்பக்கத்துக்கான அவுட்புட் எந்தப் பக்கம் வருகிறது என்பதும் உங்கள் முன் ஹவுசிங்கோடு ஒத்துப்போக வேண்டும். இல்லையென்றால் ஹவுசிங்கையே மாற்ற வேண்டிவரும்.

அடுத்தது நீளம். ஐந்து கியர் பெட்டி மூன்று கியர் பெட்டியைவிட நீளம். சி.ஜே. 3பி-யின் சக்கர இடைவெளி 80 அங்குலம்தான். பெட்டி நீண்டால் பின் ஷாஃப்ட் குறையும். டிரான்ஸ்ஃபர் கேஸுக்கும் ஹவுசிங்குக்கும் 20 செ.மீ. இறக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 75 செ.மீ. ஷாஃப்ட்டுக்கு 15 டிகிரி சாய்வு. அதையே 60 செ.மீ. ஆக்கினால் 19-ஐத் தாண்டிவிடும். என் வண்டியில் ஷாஃப்ட் மூட்டில் இருக்கும் யூ.ஜே. கிராஸை மாற்றி மாற்றிக் கை சலித்தது. கழற்றிய கிராஸின் ஊசி பேரிங் ஓடிய இடத்தில், நகத்தால் தடவினால் தட்டுப்படும்படி வரிவரியாகப் பள்ளம் விழுந்திருக்கும்.

இவை எல்லாவற்றையும்விட என்னைக் கலங்கவைத்தது ஹேண்ட் பிரேக். பழைய ஜீப்பில் ஹேண்ட் பிரேக் சக்கரத்தில் கிடையாது. டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்னால், ஷாஃப்ட் புறப்படும் இடத்தில் ஒரு டிரம், அதில்தான் பிடிக்கும். டிரான்ஸ்ஃபர் கேஸை மாற்றியதும் அந்த டிரம்மும் போய்விட்டது. வேலை செய்த பட்டறையில் இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. வண்டியை வாங்கி வந்து வாசல் சரிவில் நிறுத்தி ஹேண்ட் பிரேக் லீவரை இழுத்தேன். அது காற்றில் வந்தது. ஒரு சாயங்காலம், ஏலக்காய் மூட்டையோடு பூப்பாறைக்கு மேலே ஒரு ஏற்றத்தில் இன்ஜின் அணைந்தது. ஒரு காலால் பிரேக்கை மிதித்துக்கொண்டு, கூட வந்த பையன் இறங்கிப் பின்சக்கரத்துக்குக் கல் வைக்கும்வரை நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அடுத்த வாரமே முழுதையும் கழற்றச் சொல்லிவிட்டேன்.

அதனால் என் கருத்து இது: ஐந்து கியர் போடுவதானால் பெட்டியை மட்டும் மாற்றுங்கள், பழைய டானா 18-ஐ அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். ஓர அவுட்புட்டும் ஹவுசிங்கும் ஹேண்ட் பிரேக்கும் தப்பிக்கும். ஆனால் இந்த வழியில் முழு நம்பிக்கையும் லேத்காரர் மேல்தான். புதிய பெட்டியின் வால் ஷாஃப்ட்டில் டானா 18-இன் பல்சக்கரம் உட்கார வேண்டும், நடுவில் ஒரு அடாப்டர் தட்டு வேண்டும். ஷாஃப்ட்டைக் கிடைத்த இரும்பில் கடைந்து கொடுத்தால் முதல் கியர் லோவில் முறுக்கிவிடும். இ.என். 24 மாதிரி கலப்பு எஃகில் செய்து, முறையாகச் சூடேற்றிக் கடினப்படுத்த வேண்டும். முன்பக்கத்தில் இன்புட் ஷாஃப்ட்டின் மூக்கு ஃப்ளைவீல் நடுவில் இருக்கும் பைலட் பேரிங்கில் சரியாக உட்கார வேண்டும். கிளட்ச் பிளேட்டின் ஸ்ப்ளைன், அதாவது நடுத்துளையின் உள்பற்கள், புதிய ஷாஃப்ட்டுக்குப் பொருந்த வேண்டும். பெல் ஹவுசிங்கைப் பூட்டியபின் ஃப்ளைவீலில் டயல் கேஜ் வைத்துச் சுற்றிப் பாருங்கள். முள்ளின் மொத்த ஆட்டம் கால் மில்லிமீட்டருக்குள் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் பைலட் பேரிங் சீக்கிரம் பொடியாகும். கிளட்சை முழுதாக மிதித்தும் கியர் கரகரவென்று விழுந்தால் அங்கேதான் சந்தேகப்பட வேண்டும். போல்ட் போடும் துளைகள் பொருந்திவிட்டன, வேலை முடிந்தது என்று சொல்லும் பட்டறைக்கு இந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.

செலவையும் நேராகச் சொல்லிவிடுகிறேன். பெட்டியின் விலையைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். அடாப்டர், ஷாஃப்ட், கிளட்ச், கிராஸ் மெம்பரை நகர்த்துவது, முன்னும் பின்னும் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டை வெட்டி பேலன்ஸ் பார்ப்பது, எல்லாம் சேர்ந்தால் பெட்டி விலையைத் தாண்டும். வண்டி ஓடாமல் நிற்கிற நாள்களின் கூலியும் சேரும். ஏலக்காய் பறிப்பு நடக்கும்போது ஒரு வாரம் வண்டி இல்லையென்றால் என்ன ஆகும் என்று நம் பக்கத்தில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை.

சட்டமும் இருக்கிறது. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு வண்டியை மாற்றுவதைப் பற்றியது. தயாரிப்பாளர் கொடுத்த மூல விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. ஆர்.சி.-யில் இன்ஜின் நம்பரும் சேஸிஸ் நம்பரும்தான் இருக்கும், கியர் பாக்ஸ் நம்பர் இருக்காது, அதனால் கவலை இல்லை என்று சிலர் சொல்வார்கள். அதை நம்பி இறங்க வேண்டாம். சொந்த வண்டியானாலும் 15 வருடம் கழித்து ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க நிறுத்திக் காட்டத்தான் வேண்டும். கேரளப் பதிவு வண்டி என்றால் அங்கே கெடுபிடி அதிகம். பெட்டி வாங்கும் முன்பே பதிவு செய்த ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுதிக் கேளுங்கள், இன்சூரன்ஸ்காரரிடமும் சொல்லிவையுங்கள்.

ஆக, யாருக்கு எது? தோட்டத்தை விட்டு இறங்காத வண்டிக்கு எதுவும் வேண்டாம். அந்தப் பணத்தில் இருக்கிற பெட்டிக்குப் பேரிங்கும் சின்க்ரோவும் புதிதாகப் போடுங்கள். என் வண்டி மாதிரி 80 அங்குலக் குட்டை வண்டிக்கு ஐந்து கியர் வேண்டாம். பழைய பெட்டியையே திரும்ப ஏற்றி, முன்னும் பின்னும் 4.88 போட்டேன். சூரியநெல்லியிலிருந்து தேனி போய்வர அது போதும், கொழுக்குமலையிலும் குறை சொல்ல முடியவில்லை. நீள வண்டி, டீசல், வாரத்தில் மூன்று நாளாவது சமவெளியில் ஓடுகிறது என்றால் ஐந்து கியருக்கு நியாயம் உண்டு, டானா 18-ஐ விடாமல். அப்போது கிரவுன் 5.38-ஆகவே இருக்கட்டும். 4.27-ம் போட்டு 0.8 ஐந்தாவதும் போட்டால் 80-இல் 2,020 சுற்றுதான் வரும். காலி வண்டியில் இறக்கத்தில் தவிர அந்தக் கியர் இழுக்காது. நான்காவதிலேயே ஓட்டிக்கொண்டிருப்பீர்கள்.

மச்சானிடம் இதையெல்லாம் சொல்லி முடித்துவிட்டு, முதலில் உங்கள் ஹவுசிங்கில் என்ன இருக்கிறது என்று எண்ணுவோம் என்றேன். பழைய வண்டியில் ஆர்.சி.-யையோ முன்னாள் முதலாளியின் வாயையோ நம்ப முடியாது. ஒரு பின்சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கினோம். மற்றது தரையில், கட்டை வைத்து. ஷாஃப்ட்டில் சாக்பீஸ் கோடு போட்டு, கியரை நியூட்ரலில் விட்டு, தூக்கிய சக்கரத்தைச் சரியாக இரண்டு சுற்றுச் சுற்றினேன். ஒரு பக்கம் நிற்பதால் இரண்டு சுற்றுக்கு கிரவுன் ஒரு சுற்று. மச்சான் கீழே படுத்துக்கொண்டு எண்ணினார். நான்கு முழுச் சுற்று, ஐந்தாவது முடியக் கொஞ்சம் பாக்கி. 4.88. யாரோ ஏற்கெனவே மாற்றியிருக்கிறார்கள்.

அப்புறம் முன்பக்கம் அதே மாதிரி. ஐந்து சுற்று தாண்டி, சாக்பீஸ் கோடு இன்னும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நகர்ந்து நின்றது. 5.38.

மச்சான் எழுந்து உட்கார்ந்தார். 4 வீல் போட்டால் லீவர் திரும்ப வராமல் இறுகிக்கொள்கிறது என்று இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தவர் அவர். டிரான்ஸ்ஃபர் கேஸை ஒரு தடவை பிரித்தும் பார்த்திருக்கிறார். கோளாறு அதில் இல்லை.

இப்போது அவர் முன் இரண்டு வழி. ஐந்து கியர் போடுவதானால் பின்னால் 5.38-ஐத் திரும்பப் போட வேண்டும். போடவில்லையென்றால் முன்னால் 4.88. மாதத்தில் ஐந்தாறு நாள் மட்டும் சமவெளியில் தூரம் ஓடுகிற வண்டிக்கு நான் இரண்டாவதைத்தான் சொன்னேன். அடிமாலி ஆசானிடம் முன் ஹவுசிங்கைக் கொடுத்தாகிவிட்டது. அவர் திருப்பித் தரும்வரை 4 வீல் லீவரைத் தொடக் கூடாது என்று மச்சான் அதைத் துணியால் சுற்றிக் கட்டிவைத்திருக்கிறார்.